நர்ஸ்கள் போட்ட மூன்று

மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்து மணிக்கு வெளிநாட்டு வேலை ஏஜென்ட்டின் ஆபீஸ் மூடிவிடும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்றே கடைசி நாள். இடையில் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் ஒன்று தெரிந்துவிடும். ஏழு வயது மகளோடு இங்கேயே இருக்கலாமா, அவளை விட்டுவிட்டு மூன்று வருடம் கடல் தாண்டிப் போக வேண்டுமா? பஞ்சு காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு என்பது அவள் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தீக்காய வார்டில் கட்டுப் பிரிப்பது அவள் வேலை. புண்ணோடு ஒட்டிப்போன துணியை அவள் எடுத்தால் வலி கொஞ்சம் குறைவு என்று யாரோ ஒரு நோயாளி வாய்நிறையக் கூப்பிட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது டாக்டர்கள்கூட பஞ்சு சிஸ்டர் என்றுதான் தேடுகிறார்கள். பேர் மட்டும் பெத்த பேர். சம்பளம் வந்த பத்தாம் நாளே கை வறண்டுவிடும்.

கல்யாணமான புதிதில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில்தான் குடியிருந்தார்கள். பக்கத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் வந்தன, வாடகை ஏறியது. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் போனார்கள். அங்கேயும் ஏறியது. இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளினார்கள். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி இப்போது பதினோராவது நிறுத்தத்தில் ஒன்றரை அறை. போன வாரம் வீட்டுக்காரர் அதற்கும் ஏற்றிவிட்டார். இனித் தள்ளிப் போக வழியில்லை, பன்னிரண்டாவது நிறுத்தத்தோடு பஸ்ஸே திரும்பிவிடுகிறது. கணவன் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிப்பது சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். ஊர் விலைவாசிக்கு ஏற்ற மாதிரி வீட்டு வாடகைப் படி கொடுங்கள் என்று நாற்பது நர்ஸ்களும் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைய கூட்டம்.

நிர்வாக அதிகாரி தங்கமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்வதைக்கூடப் பாயசம் பரிமாறுகிற மாதிரி சொல்வார்.

"எல்லாரும் உக்காருங்க. உங்க கோரிக்கையை நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டேன். அதனாலதான் போன மாசம் ஒரு படிவம் குடுத்தோம். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரே ஒரு கேள்வி. 'தற்போதைய சம்பளத்தில் இந்த ஊரில் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமமாக இருக்கிறது? பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் இடவும்.' டியூட்டி மாறுகிற அவசரத்தில், நின்ற நிலையில் எழுதிக் கொடுத்தது.

"மத்த பிரிவெல்லாம் சராசரி எட்டு, எட்டரை. கணக்குப் பிரிவுல ஒம்பது. உங்க சராசரி என்ன தெரியுமா? மூணு." அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பெரிய சிரமம் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதை வச்சுக்கிட்டு நான் மேலிடத்துல என்னன்னு பேசறது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நாற்பது நுணல்கள்.

பஞ்சுவுக்கு மட்டும் விஷயம் சட்டென்று புரிந்தது. பூஜ்யம் முதல் பத்து என்று பார்த்த உடனே நாற்பது பேரும் வலியை அளந்திருக்கிறார்கள். நோயாளியிடம் மணிக்கு ஒரு தரம் கேட்கிற கேள்வி அது. எவ்வளவு வலிக்குது, பத்துக்குச் சொல்லுங்க. பத்து என்றால் என்னவென்று தினமும் கட்டிலில் பார்க்கிறவளுக்கு வாடகைப் பிரச்சினைக்குப் பத்து போடக் கை வருமா? அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று தெரியாத ஜன்மங்கள்! கணக்குப் பிரிவுக்காரன் தெரிந்தவன், ஒன்பது போட்டுவிட்டு ஏப்பம் விட்டான்.

அவள் எழுந்தாள்.

"சார், எங்க மூணும் அவங்க ஒம்பதும் ஒண்ணு இல்ல. எங்களுக்கு மூணுன்னா, வலி இருக்கு, பல்லைக் கடிச்சுக்கறேன்னு அர்த்தம். வார்டுல ஒருத்தர் மூணுன்னு சொன்னா விட்டுட்டுப் போயிட மாட்டோம் சார். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி வந்து கேப்போம். எங்ககிட்ட யாருமே மறுபடி வந்து கேக்கல."

பக்கத்தில் இருந்த தலைமை நர்ஸ், மேட்ரன், பஞ்சுவின் முந்தானை நுனியைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். சபாஷ் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போதும் உட்கார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரி சிரித்தார். "சரி சிஸ்டர். இப்ப நான் கேக்கறேன். உங்க நம்பர் என்ன?"

நாற்பது ஜோடிக் கண்கள் அவள் மேல். பத்து என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். காலையில் கட்டுப் பிரித்த சமையல்காரரின் முகம் எதிரே வந்து நின்றது. கொதிக்கிற எண்ணெய் இரண்டு கையிலும் கொட்டி, பத்து சிஸ்டர் பத்து என்று கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்ட மனிதர்.

"ஆறு" என்றாள்.

பின்வரிசையில் யாரோ 'அய்யோ' என்று முனகினார்கள். பாவி மகள், ஒரு பொய் சொல்லித் தொலைக்கக் கூடாதா? பெற்ற பிள்ளையைவிடவா பெரிது அந்த எண்?

"ஆறு," என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "பாதிக்குக் கொஞ்சம் மேல. அடுத்த வருஷம் நிச்சயம் பரிசீலிக்கலாம்."

மணி நான்கு. பஞ்சு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அனுபவச் சான்றிதழ், எல்லாம் தட்டச்சு செய்து தயார், அதிகாரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. இது இல்லாமல் வெளிநாட்டு வேலை கிடையாது. அதை அவர் முன்னால் வைத்தபோது அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. ஒன்பது வருடம் உழைத்தவள். 'இருங்க சிஸ்டர், பேசிக்கலாம்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவாள்.

"ஓ, வெளிநாடா? ரொம்ப சந்தோஷம்."

அவர் பேனாவை எடுத்தார்.

"சார்," மேட்ரன் பதறினாள், "தீக்காய வார்டுக்கு ஆள் வேணாமா? இவ போனா கட்டு யாரு பிரிப்பா?"

"படிச்சு முடிச்ச பொண்ணுங்க வரிசையில நிக்கிறாங்க மேட்ரன். இவங்க முன்னேறட்டுமே, நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்?" கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தி, காய்வதற்காக வாயால் ஊதினார். "நல்லபடியா போய்ட்டு வாங்க சிஸ்டர்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருடத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு என்பது அவளைச் சுட்டது. அழவில்லை. அழுதால் அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்திருப்பார், அதை அவளால் தாங்கியிருக்க முடியாது.

நான்கு ஐம்பதுக்கு ஏஜென்ட் ஆபீஸில் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை விமானம், மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. படி இறங்கி வந்து சுவரோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன் அவள் மூச்சிலேயே தெரிந்துகொண்டு போனை மகளிடம் கொடுத்துவிட்டான்.

"அம்மா, எப்ப வருவ?"

தினமும் கேட்கிற கேள்விதான். ரெண்டு மணிக்கு, எட்டு மணிக்கு என்று டியூட்டியைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று நினைத்தாள்.

"கண்ணு, அம்மா தூரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறேன்டா. நான் திரும்பி வரும்போது உனக்குப் பத்து..."

வயசு என்ற சொல் வெளியே வரவில்லை.

"பத்து மணியா?" மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பா தூங்கச் சொல்லுவாரே. பரவால்லம்மா, நான் தூங்காம முழிச்சிட்டே இருக்கேன். நீ வா."

"ம்" என்றாள் பஞ்சு.