ஓடுதளத்துக்குக் கீழே

வெள்ளைக்காரன் தன் சண்டைக்காக ஆறே மாசத்துக்கு என்று கேட்டு வாங்கிய நிலம் அது. வீடுகளை இடித்து, வயலை மூடி, மேலே விமானம் இறங்கக் கான்கிரீட் போட்டான். சண்டை முடிந்தது, அவனும் மூட்டை கட்டினான். முகாம் மட்டும் அசையவில்லை; உள்ளூர் ராணுவம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் தலை நரைத்த பிறகுதான் பாதி நிலத்தைத் திருப்பித்தர அரசாங்கத்துக்கு மனசு வந்தது.

அளக்க வந்த சர்வேயரம்மாவுக்குத் தலை சுற்றியது. கான்கிரீட்டைப் பெயர்த்த இடம் வெறும் பொட்டல். எல்லைக்கல் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு ஒரு அண்ணியும் நாத்தனாரும் மல்லுக்கு நின்றார்கள்.

"கிணத்துக்குக் கிழக்கே எங்க பங்கு!"

"கிணறு எங்கேன்னு முதல்ல காட்டுங்க அண்ணி!"

இருவரும் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மழைக்காலம் போய் வெயில் ஏறியதும் சர்வேயரம்மா மறுபடி வந்தாள்; அண்ணியும் நாத்தனாரும் பின்னாலேயே வந்தார்கள். கருவியை நிறுத்த இடம் தேடி, பழைய காவல் கோபுரத்தில் ஏறினாள். கீழே பார்த்தாள்.

பொட்டலெங்கும் புல் முளைத்துக் காய்ந்து கிடந்தது. அதற்கு நடுவே பச்சைப்பசேலென்று கோடுகள். தூர்ந்துபோன வாய்க்கால்களில் ஈரம் தங்கி, புல் வாடாமல் நின்றது. வட்டமாய் அடர்ந்திருந்தது கிணறு. சுவர் புதைந்த இடமெல்லாம் வெளிறி, அறை அறையாக வீடுகள். அத்தனை விமானம் ஏறி மிதித்தும் ஊர் படுத்த வாக்கில் அப்படியே கிடந்தது.

"ஏறி வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து, இரைக்க இரைக்க ஏறினார்கள். நாத்தனார் கையை நீட்டினாள்.

"அம்மா சொன்ன வளைஞ்ச தெரு... அதோ பாருங்க அண்ணி."

அண்ணியின் கண் கிணற்றுக்குக் கிழக்கே போனது. பச்சைக் கோடு முள்வேலிக்கு அடியில் நுழைந்து, ராணுவம் விடாத பாதிக்குள் ஓடியது. அவள் பங்கு முழுக்க அந்தப் பக்கம்.

இறங்கி வேலியோரம் போய் நின்றாள். அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் என்னவென்று பார்த்தான்.

"தம்பி, நீங்க நிக்கிறது எங்க வாய்க்கால்."

அவன் காலடியைக் குனிந்து பார்த்தான். பச்சையை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

சர்வேயரம்மா யாரையும் கேட்காமல் வேலிக்கு அப்பாலும் வாய்க்கால் கோட்டை இழுத்து வரைபடத்தில் சேர்த்தாள்.

"கேஸ் போடுங்க அண்ணி, நானும் வர்றேன்" என்றாள் நாத்தனார்.