பெயரில்லாத மூன்று பட்டன்கள்

ஹுமைராதான் கெடுக்கிறாள் என்று அஃபீஃபா முடிவு கட்டியபோது அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை. ஆனால் வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் ஏன் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தது மாதிரி அடங்கிப் போகிறார்கள்? அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஆள் தம்பி பெண்டாட்டிதான்.

அஃபீஃபாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். போன் வாய்விட்டுப் படிக்கும், அவள் விரலால் தடவித் தடவிக் கேட்பாள். பஸ் நேரம், செய்தி, சம்பள விவரம் எல்லாம் அப்படித்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தப் போன் ஊமை. அவள் மாப்பிள்ளை தேடப் பதிந்திருந்த கல்யாண ஆப்பில், ஒருவர் விருப்பம் தெரிவித்தால் கீழே மூன்று பட்டன் வரும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஏதோ குறி போட்டிருக்குமாம். போனுக்கு அது தெரியாது. "பட்டன். பட்டன். பட்டன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ஆப்பைப் போட்டுக் கொடுத்த அன்றைக்கே ஹுமைரா நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். "மச்சி, மூணுல கடைசிதான் சம்மதம். மத்த ரெண்டையும் தொட்டுறாதீய. ஒண்ணு வேணாம்ங்கிறது, இன்னொண்ணு ஆளையே தடை பண்ணிரும், அப்பறம் அவுக திரும்ப வரவே முடியாது."

அதன்படிதான் அஃபீஃபா அழுத்தினாள். முதலில் திருவாடானைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் வந்தார், இடியாப்பம் சாப்பிட்டார், போய்ச் சொல்கிறோம் என்று போனார், சொல்லவில்லை. அது சரி, பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் ஆப்பில் வந்தவர்கள் நேரில் பார்க்கக்கூட வரவில்லையே. ஆசையாக விருப்பம் அனுப்புவார்கள், இவள் சம்மதம் அழுத்துவாள், அதோடு சரி.

சந்தேகத்துக்குத் தீனி அந்த வீட்டிலேயே கிடந்தது. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார், பையன் கட்டினவள் வீட்டுக்குப் போய்விடுவான். உம்மா மௌத்தானபின் வீடு அஃபீஃபாவுக்கு வந்தது. தம்பி தாஹா கட்டியது திருப்பாலைக்குடிப் பெண்ணை. ஹுமைரா வீட்டில் இந்த வழக்கம் இல்லை, அவளுக்கென்று வீடும் இல்லை. அதனால் தம்பி குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அஃபீஃபாவுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினால் இவர்கள் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அப்படியிருக்க ஹுமைரா எதற்குச் சம்மதத்தை நிற்க விடுவாள்? போன் பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியும், பின்னாலேயே திறந்து வேண்டாம் என்று மாற்றிவிடலாமே.

ஆசிரியர் அறையில் இதை வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? பட்டன் கதையை மட்டும் சொன்னாள். வரலாறு எடுக்கும் ராமசுப்பிரமணியன் சார் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சட்டம் இருக்கு டீச்சர். பார்வையில்லாதவங்களும் பயன்படுத்துற மாதிரிதான் எதையும் செய்யணும். ஒரு கேசப் போடுங்க."

"கேசு முடியிறதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மென்ட் வந்துரும் சார்."

சேதுலட்சுமி டீச்சர் டிபன் பாக்ஸை மூடியபடி தன் பங்குக்கு ஒன்று போட்டாள். "மிஷினு என்ன பண்ணும், பாவம். அதுக்குப் பொறாமையா, சூதா? எது கெட்டாலும் பின்னாடி ஒரு மனுசக் கை இருக்கும். நாஞ் சொல்றது சரியா தப்பா?"

சரி என்றுதான் பட்டது. அன்று சாயங்காலமே அஃபீஃபா பாஸ்வேர்டை மாற்றினாள்.

அந்த வாரம்தான் ஆப்பில் இஃப்திகாரின் விருப்பம் வந்தது. பாம்பனில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர், மனைவியை இழந்தவர். குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின் கடகடவென்று ஓட, "சத்தத்துக்கு மன்னிச்சுக்கங்க, இத நிறுத்துனா மீன்காரவுக என்னய உடைச்சுருவாக" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அஃபீஃபா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பப் பிடித்திருந்தது. பிஸ்மி சொல்லிக் கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

பாம்பனிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

பாஸ்வேர்டு மாற்றியும் இப்படி என்றால்? அப்போதாவது அவள் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தூங்கும்போது என் விரலை எடுத்துப் போனில் வைத்துத் திறந்திருக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததோடு விடாமல், மதியச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவளிடம் கேட்டும் விட்டாள்.

"ஒனக்கு வீடுதான வேணும்? எடுத்துக்க. எதுக்கு என் வாழ்க்கையில கை வைக்கிற?"

கரண்டி சட்டியில் நின்றது. தாஹா அக்காவிடம், "லாத்தா, என்ன பேசுறிய?" என்றான். ஹுமைரா வாய் திறக்கவில்லை. ஒன்றும் பேசாமல் இருக்கிறாளே, இதுவே போதுமே என்று அஃபீஃபா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தாஹா கிழக்குத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெரிய சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். துணிமூட்டைகளுக்கு ஒரு ஆட்டோ வாசலில் நின்றது. ஹுமைரா உள்ளுக்கும் வெளிக்கும் நடக்கிற செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி அஃபீஃபா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்போது போன் படித்தது. மறுபடியும் விருப்பம். இஃப்திகார்.

குரலைப் போட்டாள். அதே கடகட.

"நீங்க வேணாம்னுட்டிய. தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஆனா ஒரு சந்தேகம். இந்த ஆப்ப ரம்ஜான்ல மாத்துனப்ப பட்டனையெல்லாம் எடம் மாத்திப் போட்டுட்டான். கண்ணு தெரிஞ்ச எங்க அக்காவே பழக்கத்துல அமுக்கி எனக்கு வந்த ரெண்டு வரன வேணாம்னுருச்சு. நீங்களும் அப்படி அமுக்கிட்டியளோன்னு ஒருக்கா கேட்டுக்கிறேன். இல்ல, மெய்யாவே வேணாம்னா இனி வரமாட்டேன்."

அஃபீஃபா கணக்குப் போட்டுப் பார்த்தாள். திருவாடானைக்காரர் வந்தது ரம்ஜானுக்கு முன்னால். அதே கடைசிப் பட்டன்தான் அவரை வரவழைத்தது. ஹுமைரா சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரையும் வேண்டாம் என்று விரட்டியது தன்னுடைய விரலேதான். யாரோ முன்பின் தெரியாத ஒரு ஐஸ்காரருக்கு மிஷின் மேல் வந்த சந்தேகம், கூடவே இருந்து சோறு போட்டவள் விஷயத்தில் தனக்கு ஏன் வரவில்லை?

சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆட்டோ என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹுமைரா, தப்பு என்னோடது. நான்தான் அழுத்தியிருக்கேன். ஒம் மேல அபாண்டமாச் சொல்லிட்டேன். என்னய மன்னிச்சுரு. போகாத."

துணிமூட்டை ஒன்று ஆட்டோவுக்குள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஹுமைரா, "அட்வான்ஸ் குடுத்தாச்சு மச்சி. எங்கன போறோம், இங்கனதான இருக்கோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அழுதிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

அஃபீஃபா போனை நீட்டினாள். "பாம்பன்காரர் திரும்பக் கேட்டிருக்காரு. கடைசிப் பட்டன் வேணாம்ங்கிறது. மத்த ரெண்டுல எதுன்னு நீ பாத்துச் சொல்லு. தப்பா அழுத்துனா ஆள் போயிருவாரு."

ஹுமைரா போனைத் தொடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நடுவுல உள்ளது, மச்சி."

அஃபீஃபா விரலை நடுவுக்குக் கொண்டுபோனாள். பட்டன் என்றது போன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் மனசுக்குள் ஒன்று தலையைத் தூக்கியது. இவ்வளவு பேச்சு வாங்கினவள், வீட்டை விட்டுப் போகிறவள், இப்போது நிஜத்தைத்தான் சொல்கிறாளா? நடுவில் இருப்பது தடை என்றால்?

கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதை ஹுமைரா பார்த்துவிட்டாள்.

"வாரேன் மச்சி" என்றாள். "வண்டிய எடுங்கண்ணே."

ஆட்டோச் சத்தம் தெருமுனை திரும்பி மறைகிற வரைக்கும் அஃபீஃபா அப்படியே நின்றாள். பிறகு நடுப் பட்டனை அழுத்தினாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்கான பாங்கு முடிவதற்குள் போன் அடித்தது. எடுத்ததும் பின்னால் ஐஸ் மிஷின் கடகடவென்று ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ், நான் நெனச்சது சரிதான்" என்று சிரித்தார் இஃப்திகார். "வீட்ல யாராச்சும் பெரியவுக இருந்தா குடுங்க. எப்ப பாக்க வரலாம்னு பேசிக்கிறேன்."

அஃபீஃபா வாயெடுத்து ஹுமைரா என்று கூப்பிட்டாள். வீட்டுக்குள் அவள் குரல்தான் திரும்பக் கேட்டது.