கண்ணை மூடித் திறப்பதற்குள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பொடிக்கணக்கு. வேகப்படகின் அடியில் இருக்கும் இறக்கையைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை. நேரத்தை நறுக்கி நறுக்கி, எவ்வளவு பொடியாகப் போட முடியுமோ அவ்வளவு பொடியாகப் போடுவாள். போடட்டுமே, யாருக்கு என்ன வலிக்கிறது?

மேலாளருக்கு வலித்தது. படகு ஓடத் தயார் என்ற அறிக்கையைக் கொண்டுவந்து அவள் மேஜையில் பட்டென்று வைத்தார்.

"வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம். பெரிய பெரிய துண்டா போட்ட கணக்குல ஒரு குமிழிகூட வெடிக்கல. கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடும்மா."

"கண்ணை மூடினதாலதான் சார் வெடிச்சது தெரியல."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதுபோல் இறக்கையின் முதுகெல்லாம் ஆவிக் குமிழிகள். பெரிய துண்டுக் கணக்கில் ஒரு படத்தில் குமிழி இருக்கும், அடுத்ததில் இருக்காது. நடுவில் அது நசுங்கி வெடித்து இறக்கையை உலுக்கியதைக் கணக்கு பார்க்கவே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஒரு மூலையை மட்டும் பொடியாகப் போட்டுப் பார்த்தாள்: நொடிக்கு நாற்பது உலுக்கல். முழு வேகத்தில் இறக்கை தாங்குமா, முறியுமா என்று சொல்ல இன்னும் மூன்று வாரம் வேண்டும்.

"மூணு வாரமா! விளையாடறியா? நீ போடலைன்னா போட ஆள் இருக்கு."

வெள்ளிக்கிழமை அந்தப் படகை ஓட்டப் போகிறவன் அவள் தம்பி. காலையில்தான் ஃபோனில் சொன்னான்: "அக்கா, உன் கையெழுத்து இருந்தா போதும், கண்ணை மூடிக்கிட்டு ஏறிடுவேன்."

வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பேனாவை எடுத்தாள். மேலாளரின் முகம் மலர்ந்தது.

"போடறேன் சார். ஒரே ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை படகுல நீங்களும் ஏறணும்."

"நானா? ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் அறிக்கையை அவர் பக்கமே தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"அப்போ சோதனையைத் தள்ளி வையுங்க. இப்ப சொன்னதையே காரணமா எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க சார். கண்ணை நல்லா திறந்துக்கிட்டு."