தொண்ணூற்றாறு பேரின் தீர்ப்பு

மர்யம் எழுதிய விடை சரி. அதில்தான் சிக்கலே தொடங்கியது.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு ஆரஞ்சுகளைக் கூடைக்கு இருபத்தெட்டாக அடுக்கினால் எத்தனை கூடை? மூன்று மதிப்பெண். விடைக்குறிப்பின்படி வகுத்தல் அடையாளம் போட்டு, வரிக்குக் கீழ் வரியாகக் கழித்துக்கொண்டே இறங்க வேண்டும். தாராவித் தமிழ்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு மர்யம் எங்கேயும் இறங்கவில்லை. 'பத்துக் கூடைக்கு 280. நாற்பதுக்கு 1120. மிச்சம் 224. அது எட்டுக் கூடை. ஆக 48' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவள் வாப்பா பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அங்கே பைகளைப் பெட்டியில் அடுக்கும்போது யாரும் வகுத்தல் அடையாளம் போடுவதில்லை.

பிரேமலதா டீச்சர் அந்த மூன்றைக் கொடுத்தால் மர்யத்துக்கு அறுபது. கொடுக்காவிட்டால் ஐம்பத்தேழு. அறுபது வாங்கியவர்களின் பெயர்தான் ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் போகும். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அன்று நாலு மணி கடைசி.

பிரேமலதாவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகமெல்லாம் ஹெட்மாஸ்டர் வானமாமலைக்குத்தான்.

"விடைக்குறிப்புல இல்லாதத எப்படிக் குடுக்க முடியும் டீச்சர்? நாளைக்கு எவனாவது பேப்பரத் தொறந்து பாத்தாம்னா என்னயல்லா கேப்பான்?"

"விடை சரியால்லா இருக்கு சார்."

"சரியாத்தான் இருக்கு. அதான் பயமாருக்கு. ஒங்க கணக்கு குரூப்ல ஒரு வார்த்த கேட்டுப் போடுங்க. குரூப் சொல்லிச்சுன்னா நமக்கு ஒரு வம்பும் லஃப்டாவும் இல்ல."

வானமாமலை பூகோளக்காரர். கணக்கு ஆசிரியர்கள் ஒன்று கூடினால் அங்கே கணக்கு நடக்கும் என்று நம்பினார்.

'மும்பை கணித ஆசிரியர் நேசக்கரம்' வகுப்பறைக் கவலைகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் குரூப். தொண்ணூற்றாறு உறுப்பினர்கள். பகிர்வதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் கவலையைப் போடுவார். எல்லோரும் கைகூப்புவார்கள். யாராவது ரோஜாப்பூ மீது 'இனிய வியாழன்' என்று எழுதி அனுப்பும்வரை கூப்பிய கைகள் இறங்குவதில்லை. தேவ்நார் ராஜபாண்டி சார் ஜூன் மாதத்தில், பையன்களுக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது என்று வருந்தியபோது எண்பத்திரண்டு கைகள் குவிந்தன. அக்டோபரிலும் பின்னம் ஏறவில்லை. கைகளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அட்மின் சந்திரமௌலி மாட்டுங்காக்காரர். செம்பூரில் ஒரு பெரிய பள்ளியில் கணக்குக்குத் தலைவர். அவருடைய குரல்பதிவு நாலு நிமிடத்துக்குக் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஒன்றரை மணிக்குப் பிரேமலதா விடைத்தாளைப் படம் எடுத்துப் போட்டாள். மூன்று மதிப்பெண் கொடுக்கலாமா, நாலு மணிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

முதல் பதில், 'அருமை'. அடுத்தது, 'குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்'.

ராஜபாண்டி, "சரியாத்தானே மேடம் இருக்கு, குடுங்க" என்றார். மாட்டுங்கா ஷ்யாமளா மேடம், "ஸ்டெப்பே இல்லாம ஒரு கணக்கா? இப்படியே விட்டா நாளைக்குக் கால்குலேட்டரத் தூக்கிண்டு வரும்" என்றார். ராஜபாண்டிக்குக் கட்டைவிரல் தூக்கிய அதே நாற்பது பேர் ஷ்யாமளாவுக்கும் தூக்கினார்கள்.

பிறகு சந்திரமௌலியின் குரல் வந்தது.

"பிரேமலதா மேடம், விடை முக்கியமில்லே பாருங்கோ. விடைய யார் வேணா கண்டுபிடிச்சுடுவா. வழின்னு ஒண்ணு இருக்கோல்லியோ? வழி தப்புன்னா, விடை சரியா வந்தது வெறும் ஆக்சிடென்ட்."

மிச்ச மூன்றரை நிமிடம் அவர் காலேஜில் வாங்கிய தங்கப் பதக்கத்துக்குப் போனது. கடைசியில், "ஆனாலும் நான் எதையும் திணிக்கறவன் இல்லே, எல்லாரும் ஓட்டுப் போட ஒரு 'போல்' வெச்சுடறேன்" என்றார்.

வைத்தார். 'கொடுக்கலாம்', 'கொடுக்கக் கூடாது'. ஆளுக்கு ஒரே ஓட்டு என்று கட்டுப்படுத்துகிற பொத்தான் ஒன்று உண்டு. அதைத் தொட மறந்துவிட்டார்.

மூன்றே கால் மணிக்குக் 'கொடுக்கலாம்' எழுபத்தொன்று. 'கொடுக்கக் கூடாது' எண்பத்து மூன்று.

பிரேமலதா கூட்டினாள். நூற்று ஐம்பத்து நான்கு. மறுபடி கூட்டினாள். குரூப்பில் இருப்பதே தொண்ணூற்றாறு பேர். அதாவது, ஐம்பத்தெட்டுப் பேராவது இரண்டையும் அமுக்கியிருந்தார்கள். ராஜபாண்டியும் வருத்தப்படக் கூடாது, ஷ்யாமளாவும் வருத்தப்படக் கூடாது.

யாராவது கேட்பார்கள் என்று பத்து நிமிடம் பார்த்தாள். அத்தனை பேரும் கணக்கு வாத்தியார்கள். ஒருவரும் கேட்கவில்லை. சந்திரமௌலி மட்டும் தீர்ப்பு எழுதினார்: '53.9 சதவீதத்தினர் கூடாது என்கிறார்கள். முடிவு தெளிவானது.' தசமத்தைக்கூட விடவில்லை. கைதட்டல்கள் குவிந்தன.

இனி யாரிடம் கேட்பது? கடுப்பில், யார் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். 'கொடுக்கலாம்' என்பதன் கீழே முதல் பெயரே சந்திரமௌலி. போல் வேலை செய்கிறதா என்று இரண்டையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அந்த ஓட்டைத் திரும்ப எடுக்கவில்லை.

பிரேமலதா செல்போனோடு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். பட்டியலின் மேல்பகுதி மட்டும் திரையில் இருந்தது.

"என்ன டீச்சர், குரூப் என்ன சொல்லுது?"

"எழுவத்தொரு பேரு குடுக்கலாம்ங்காங்க சார்."

"மொத்தம் எத்தன பேரு?"

"தொண்ணூத்தாறு."

வானமாமலை விரல்விட்டு ஏதோ எண்ணினார். "ஏறக்கொறைய முக்காவாசில்லா! அந்த அட்மின் சாரு?"

"மொத பேரே அவருதான் சார். நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அவரே சொல்லிட்டாருன்னா பிறவு என்ன? போட்டு விடுங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் ஏறியது. மர்யம், கணக்கு, அறுபது.

நாலு மணிக்குச் செல்போன் அதிர்ந்தது. குரூப்பில் சந்திரமௌலி. "பிரேமலதா மேடம், தீர்ப்பு பாத்தேளா? குழந்தைக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்கோ."

'தொண்ணூற்றாறு பேர் எப்படி சார் நூற்று ஐம்பத்து நாலு ஓட்டு' என்று தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். முழுவதையும் அழித்துவிட்டு, கைகூப்பி அனுப்பினாள்.

ஷ்யாமளா மேடம் உடனே ஒரு ரோஜாப்பூவைப் போட்டார். தொண்ணூற்றாறு பேரும் நிம்மதியாகக் கையை இறக்கினார்கள்.