முதுகில் ஆறிய காற்று

கணவனின் பனியனைத் தூக்கிய விஹ்ராவின் கை அப்படியே நின்றுவிட்டது. ராங்கெலின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் வரிசை பிடித்தது போல வட்டங்கள். ஒவ்வொன்றும் சின்னத் தயிர்க் குப்பியின் வாயளவு, கத்திரிக்காய் நிறம்.

வெள்ளிக்கிழமை இரவு பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து அவன் பனியனைக் கழற்றவே இல்லை. நெஞ்சுக்கு ரக்கியாச் சாராயத்தைச் சுடவைத்துத் தேய்த்துவிடுகிறேன் என்றபோதும், நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான். ஞாயிறு மதியம் காய்ச்சல் ஏறி, தலையணையில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்துவிட்டான். மறைக்கவேண்டியது எது என்பதே காய்ச்சலில் மறந்துபோயிருக்க வேண்டும்.

"யாரு வெச்சது இது?"

"எது?"

"முதுகு பூரா கடை பரப்பியிருக்கே, அதுதான்."

"ஓ, அதுவா. பனயோத்து வெச்சான். சிலிஸ்திராவுல, ராத்திரி தங்குற டெப்போ ரூம்ல. நான் இருமுற இருமல்ல அவனுக்குத் தூக்கம் போச்சாம்."

பனயோத் அவன் ஓட்டும் பேருந்தின் நடத்துனர். சூப்புக் கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுவருவதற்குள் பாதியைத் தரைக்குக் கொடுத்துவிடும் ஆள். அந்தக் கையா தீயையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நேராக வரிசை போட்டது?

பல்கேரியாவில் அவர்கள் ஊர் ரூசே. இருமலென்றால் அங்கே குப்பி வைக்காத வீடே கிடையாது. முள்கரண்டியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, அந்தத் தீயைக் குப்பிக்குள் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு முதுகில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூட்டில் விரிந்த காற்று ஆற ஆறச் சுருங்கும். அது விட்ட இடத்தை நிரப்பத் தோல் மேலே எழும்பி வரும். ஊருக்கே இது வைத்தியம். விஹ்ராவுக்கு மட்டும் எட்டாம் வகுப்புப் பாடம்.

அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. குளிர்காலம் தோறும் குடுவையின் கழுத்தில் பலூனை மாட்டி வெந்நீரில் வைப்பாள், பலூன் எழுந்து நிற்கும். ஜன்னலுக்கு வெளியே பனியில் புதைப்பாள், பலூன் குடுவைக்குள்ளேயே போய்விடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். "டீச்சர், எங்கம்மா குப்பி வெக்கிறதும் இதானா?" என்று ஒரு வாண்டு கேட்கும். "இதேதான். இதுக்கு மேல அதுல ஒண்ணுமே இல்ல" என்பாள். அந்த 'ஒண்ணுமே இல்ல'வைச் சொல்வதில் அவளுக்கு ஒரு தனி ருசி.

ராங்கெலின் அம்மா இருந்தவரை அவள் மகனுக்குக் குப்பி வைத்தாள். அவள் இறந்த வருடக் குளிர்காலத்தில், இருமலோடு வந்து நின்று, "கொஞ்சம் வெச்சு விடேன்" என்று மனைவியிடம் கேட்டான். "காத்து சுருங்குது, தோலு எழும்புது, அவ்வளவுதான். நோயை உறிஞ்ச அதுக்கு வாயா இருக்கு? மாத்திரை போடு" என்றாள் விஹ்ரா. அடுத்த குளிர்காலமும் கேட்டான், அதே பதில்தான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அறிவியல் ஜெயித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். என்ன ஒரு நினைப்பு!

இப்போது குனிந்து, பாடம் படிப்பது போல அந்த முதுகைப் படித்தாள். கறுத்துச் சிவந்திருக்கிறது என்றால் உள்ளே காற்று நல்ல சூட்டில் இருந்தபோதே கவிழ்த்திருக்கிறார்கள், கை தயங்கவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் மச்சத்தின் மேல் குப்பி படவில்லை, ஒரு விரல் தள்ளி வைத்திருக்கிறார்கள். கத்திரிக்காய் நிறத்துக்கு அடியில் மஞ்சளாக வேறு வட்டங்கள், போன வாரத்தவை. பனயோத்துக்கு மச்சத்தைப் பற்றி என்ன கவலை? பதினான்கு வருடக் குடித்தனம். இந்த ஆள் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதுதான் அவள் பயம்.

"சரி, இன்னிக்கு நான் வெக்கிறேன்" என்றாள்.

அவன் தலையைத் தூக்கினான். "நீயா?"

"ஏன், பனயோத்துக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?"

சமையலறையிலிருந்து காலித் தயிர்க் குப்பிகளைக் கொண்டுவந்து துடைத்து அடுக்கினாள். முதல் குப்பி முதுகில் உட்கார்ந்து, யோசித்து, சரிந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட விதி, கட்டின புருஷன் முதுகில் அவளைக் கைவிட்டது. தீயை எடுத்தபின் உள்ளே சரியாகச் சூடேறியதா என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். அந்த நேரத்துக்குள் காற்று வெளியிலேயே ஆறிவிட்டது.

மூன்றாவதும் சரிந்தபோது தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உள்ள எட்டிப் பாக்காத விஹ்ரா. தீயை எடுத்த கையோட கவுத்துடணும். அவ பாக்கவே மாட்டா, பேசிக்கிட்டே வெச்சுடுவா."

சொல்லி முடித்ததும் அவன் இருமல்கூட நின்றுவிட்டது.

விஹ்ரா பஞ்சை மறுபடி நனைத்துக் கொளுத்தினாள், அடுத்த குப்பியைப் பார்க்காமலே கவிழ்த்தாள். கவ்விக்கொண்டது. அதற்கடுத்ததும் கவ்வியது. கோபம் வந்ததும் கைக்கு வேகம் வந்துவிட்டது. இவ்வளவு நேரமும் அதுதான் குறைச்சல். எல்லாக் குப்பிகளையும் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். முதுகில் இத்தனை கண்ணாடியைச் சுமந்தவனால் திரும்பவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது.

"பேரு என்ன?"

"விஹ்ரா, நான் சொல்றதக் கேளு..."

"அசையாத, விழுந்து உடையும். பேரு?"

"தோத்கா."

"சிலிஸ்திரா டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்திருப்பாளே, தடிக் கண்ணாடி போட்டுக்கிட்டு. அவளா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"மூணாவது குளிர்காலம் இது. முதல்ல குப்பி மட்டும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் குப்பி மட்டும் இல்ல."

பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குணம் இப்போதா வந்து நிற்கவேண்டும்?

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன். நீ பாடம் எடுத்தே."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. அழலாம் போலவும் இருந்தது. சொன்னது பொய்யாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே டான்யூப் ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. எதிர்க்கரை ருமேனியா கண்ணுக்கே தெரியவில்லை. அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு, தன் வாயால் சொல்லுவோம் என்று ஒருநாளும் நினைத்திராத வார்த்தைகளைச் சொன்னாள்.

"குப்பிதான் வேணும்னா நான் வெக்கிறேன். தினமும் வெக்கிறேன். நீ அந்த ரூட்டை விட்டுடு."

"விட்டுடறேன்" என்றான் உடனே. "நாளைக்கே சொல்லிடறேன். வர்னா ரூட்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காங்க. சத்தியமா விஹ்ரா."

குரல் உண்மையாகத்தான் இருந்தது. அவள் நம்பினாள். நம்பியதும் உடம்பே இலேசானது போலிருந்தது. ஒரு தோத்காவிடமிருந்து புருஷனை மீட்பதற்குச் சில தயிர்க் குப்பிகள்தான் விலை என்றால், கொடுத்துவிட்டுப் போகலாம். வகுப்பில் இனி அந்த வாண்டு கேட்டால் வேறு பதில்கூடச் சொல்லலாம்.

முதுகின் சூட்டில் அவன் அப்படியே தூங்கிப்போனான். வாரக்கணக்கில் இந்த வீட்டில் அவன் இருமாமல் தூங்கியதில்லை. நேரம் பார்த்து, கம்பளியை விலக்கி, குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். விளிம்போரம் விரலால் அழுத்தினால் காற்று உஸ்ஸென்று உள்ளே போகும், குப்பி கையோடு வந்துவிடும். அவளுடைய வட்டங்கள் கோணல்மாணலாக இருந்தன. ஒன்று மச்சத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அடுத்த முறை சரியாக வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

கடைசிக் குப்பியை எடுத்தபோது அவன் பாதித் தூக்கத்தில் அசைந்தான். முகம் தலையணையில்தான் இருந்தது. வலது கை மட்டும் கட்டிலோரமாக நகர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் முழங்காலைத் தேடி வந்தது. தேடவேண்டியிருக்கவும் இல்லை, நேராகவே வந்தது. முழங்காலை இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலால் ஒருமுறை தடவி, அங்கேயே தங்கிவிட்டது. போதும், நல்லாயிருந்துச்சு என்று சொல்கிற கை.

இத்தனை வருடத்தில் அந்தக் கை அவள் முழங்காலை ஒரு நாளும் அப்படித் தேடி வந்ததில்லை. கட்டிலோரம் ஒருத்தி எங்கே உட்காருவாள், அவள் முழங்கால் எந்த உயரத்தில் இருக்கும் என்பதெல்லாம் கண்ணே இல்லாமல் அதற்குத் தெரிந்திருந்தது. இன்னொருத்தியோடு படுத்தான் என்பதை அவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை. கை அவ்வளவு பிரியமாக இருந்தது.

"ராங்கெல், எந்திரி."

"இரு... இன்னும் கொஞ்ச நேரம்."

"எந்திரிச்சு சட்டையப் போடு. சிலிஸ்திராவுக்கு சாயங்கால வண்டி இருக்கு."

அவன் கண்ணைத் திறந்தான். "ரூட்டை மாத்திக்கிறேன்னு சொன்னேனே."

விஹ்ரா அந்தக் கையைத் தன் முழங்காலிலிருந்து எடுத்து, மெத்தையின் மேல் அவன் பக்கமாக வைத்தாள்.

"ரூட்டை மாத்திடுவே. இந்தக் கைய என்ன பண்ணுவே?"

அவனுக்குப் புரியவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.