நாற்பத்தோரு கிலோ அதிகம்

பதினோரு வருஷம் மனிதர்களை நிறுத்துப் பிழைத்தவன் நான். சந்தையில் மீன் நிறுப்பதைப் போலத்தான். என்ன, மீன் பொய் சொல்லாது.

எங்கள் தீவில் ஆப்பியாவை ஒட்டிய ஃபங்காலீ விமான மைதானத்திலிருந்து, பக்கத்துத் தீவில் இருக்கும் பாங்கோ பாங்கோவுக்குத் தினம் காலையில் ஒரு குட்டி விமானம் பறக்கும். ஒன்பது இருக்கை. டிக்கெட் கிழிப்பது, பெட்டி ஏற்றுவது, ஆளை நிறுப்பது எல்லாம் நான் ஒருவனே. முதலில் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கம்பெனி டிக்கெட் விற்றது. ஒன்பது பேர் என்று எரிபொருள் ஊற்றினால் பதினான்கு பேரின் எடை ஏறி உட்கார்ந்தது. கடற்கரைத் தென்னைகளின் உச்சியை விமானத்தின் வயிறு தடவிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஒருநாள் இரண்டு இளநீரும் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு போயின என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. கடைசியில் முதலாளி கிலோவுக்கு இவ்வளவு என்று மாற்றினார். முன்பதிவின்போது உங்கள் எடையை நீங்களே சொல்ல வேண்டும். புறப்படும் அன்று தராசு சொல்லும்.

ஊரே அகலமாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பஸ்ஸில் இடமில்லை என்று யாரையும் இறக்குவதில்லை; ஒருவர் மடிமேல் ஒருவராக மூன்று அடுக்கு உட்காருவோம். அடி அடுக்கில் இருந்தவர்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கியதும் டிரைவர்கள் மூன்றாவது அடுக்கை நிறுத்தினார்கள், வரும்படி விழுந்தது. தேவாலயத்தில் மர பெஞ்சு போய் இரும்பு பெஞ்சு வந்தது, அதற்கு வசூல். சவப்பெட்டித் தச்சன் அகலத்துக்குத் தனி விலை வைத்தான். பெட்டி தூக்க ஆறு பேர் போதாமல் பத்துப் பேர் ஆனார்கள். பத்துப் பேருக்கும் பன்றியும் வான்கோழி வாலும் போட்டாக வேண்டும். அதைத் தின்றதால் அவர்களைத் தூக்க அடுத்த வருஷம் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தது. என்னை விட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் இடது கால் கட்டைவிரலைச் சர்க்கரை தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தராசில் ஏறி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். நூறு கிராம்கூட இல்லை.

லேவாசாவின் கதைக்கு வருகிறேன்.

லேவாசாவின் மனைவி சினாஃபோவா. அவளுடைய அப்பா பாங்கோ பாங்கோ பக்கத்துக் கிராமம் ஒன்றில் தௌலாங்கி என்ற பட்டத்தைத் தாங்கிய தலைவர். அவர் செத்ததும் பட்டம் சும்மா கிடந்தது. அவருக்கு வேறு பிள்ளை இல்லை. அதனால் பட்டம் சினாஃபோவாவின் ரத்தத்துக்கு உரியது. ஆனால் அவள் சபையில் எழுந்து "என் கணவர் வைத்துக்கொள்ளட்டும்" என்று தன் வாயால் சொன்னால் அவருக்குக் கட்டலாம் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சபை வெள்ளிக்கிழமை காலை. அவள் அப்படிச் சொல்வதாக வீட்டில் தலையாட்டியும் இருந்தாள். லேவாசா இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

சேதி தெரிந்த அன்றிலிருந்து ஊர் அவருக்குத் தீனி போட்டுத் தீர்த்தது. தலைவராகப் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊருக்கு இழுக்கு. முன்னால் வைத்த சாப்பாட்டை அவர் வேண்டாம் என்றாலோ, வைத்தவர் வீட்டுக்கு இழுக்கு. ஐந்து வாரம், முப்பத்தைந்து விருந்து. உப்பு மாட்டிறைச்சி வாளி வாளியாக வந்தது. ஆட்டு விலாக் கொழுப்பு, தேங்காய்ப்பாலில் வெந்த இலைப் பொட்டலம், சேப்பங்கிழங்கு. அவர் நடந்தால் கோழிகள் ஓடி மரத்தில் ஏறின, பூகம்பம் என்று.

முன்பதிவுக்கு வந்தபோது நான் கேட்டேன். "எடை எவ்வளவு போடட்டும், தலைவரே?"

"நூத்தி முப்பது."

"போன வருஷமே அதான் சொன்னீங்க."

"நான் சொன்ன சொல்லு மாறாதவன்டா, பெனி."

சினாஃபோவாவிடம் கேட்டேன். எழுபத்தொன்பது என்றாள். அவள் வீட்டில் பன்றியைக் கட்டித் தொங்கவிடும் தராசில் தன்னையே நிறுத்துவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். பட்டம் வெள்ளிக்கிழமைதானே, அன்றைக்குப் புறப்பட்டால் எப்படி என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து நிமிஷப் பயணத்தில் தேதிக்கோட்டைத் தாண்டுகிறோம். இங்கே வெள்ளி ஏறினால் அங்கே வியாழன் இறங்கலாம். கடனை ஒருநாள் தள்ளிப்போட வேறெந்த நாட்டிலும் இப்படி வசதி கிடையாது.

லேவாசா எண்ணெய் மினுங்க, இடுப்பில் புது லாவலாவா வேட்டி கட்டி, மூன்று அட்டைப்பெட்டிகளோடு நின்றார். பெட்டிகளில் சுட்ட பன்றியும் கிழங்கும் கோக்கோ கட்டியும், பெரியவர்களுக்குக் காணிக்கை. மூன்றும் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ. சினாஃபோவாவின் கையில் அவள் அம்மா பின்னிய மெல்லிய பாய், பட்டுத்துணி மாதிரி மடித்தது. பட்டம் கட்டுகிற அன்று அந்தப் பாய் சபை நடுவில் விரிக்கப்பட வேண்டும்.

அவர் தராசில் ஏறினார். முள் ஒருமுறை யோசித்தது. அப்புறம் ஓடியது.

"நூற்று எழுபத்தொன்று" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வேலிக்கு வெளியே தேங்காய் விற்கிறவனுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"தராசு கெட்டுப்போச்சு."

"காலையில ஒரு மூட்டை அரிசி வச்சுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. அரிசிய மறுபடி வைக்கட்டுமா, இல்ல நீங்க செருப்ப கழட்டிப் பாக்குறீங்களா?"

செருப்பைக் கழற்றினார். கடிகாரத்தைக் கழற்றினார். மூச்சை வெளியே விட்டார். முள் அசையவில்லை.

விமானி ரஸ்ஸல் என் காகிதத்தைப் பார்த்தான். நியூசிலாந்துக்காரன், சிரிக்கவே தெரியாதவன். "நாப்பத்தோரு கிலோ அதிகம். காசு குடுத்தாலும் பறக்காது. எதையாவது இறக்கு" என்றான்.

வரிசையில் ஒல்லியாக ஒரு பள்ளி வாத்தியார் நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு கிலோ. லேவாசா அவர் தோளில் கை வைத்தார்.

"வாத்தியாரே, நீங்க நாளைக்குப் போங்களேன். பட்டம் கட்டுற காரியம்."

"எனக்கு அங்க கல்யாணங்க. மாப்பிள்ளையே நான்தான்" என்றார் வாத்தியார். "அதுவும் போக, நான் இறங்கினா உங்க ஒத்தத் தொடைதான் ஏறும். மீதி யாரு ஏத்துவா?"

வரிசை சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

சினாஃபோவா மெதுவாகச் சொன்னாள். "பெட்டிய விட்டுட்டுப் போலாம். மூணும் சேந்தா நாப்பத்தஞ்சு வருது. நாளைக்கு விமானத்துல பெனி அண்ணன் ஏத்தி விடுவாரு. எல்லாம் நேரத்துக்கு வந்துரும்."

லேவாசா பெட்டிகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி பெட்டிகளைப் பார்த்தார். பன்றியின் வாசனை அட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எனக்கே வாயில் ஊறியது.

"வெறுங்கையோட போயி இறங்கினா எவன் மதிப்பான்?" என்றார். "பெட்டி என்கூட வரட்டும். நீ நாளைக்கு வா. நாளைக்குக் கிளம்பினாலும் அங்க வெள்ளிக்கிழமை காலைதானே. ஒரு வாக்கியம் சொல்லணும், அவ்வளவுதானே உனக்கு வேலை."

"அப்ப என்னை இறக்குறீங்க."

"உன்ன இறக்கல. எடைய இறக்குறேன்." வரிசையைப் பார்த்துக் கண்ணடித்தார். "பெட்டிக்குப் பசிக்காது, பேசாது, வழியில அழாது. எது நல்ல துணைன்னு நீங்களே சொல்லுங்க."

இந்த முறை வரிசை சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு.

சினாஃபோவா பாயை மார்போடு அணைத்துக்கொண்டு தராசுக்கு அந்தப்புறம் போய் நின்றாள். "பாய் என்கிட்ட இருக்கட்டும். ரெண்டு கிலோ. அதையும் சேத்துக் குறைச்சுக்குங்க" என்றாள். அவர் அதற்கும் சரி என்றார். விமானம் ஓடுபாதையின் கடைசி அங்குலம்வரை ஓடி, தரையை விட மனசில்லாத மாதிரி எழுந்தது.

அவள் என் கவுண்டருக்கு வந்தாள். "நாளைக்கு ஒரு இடம் போடுங்க, அண்ணே. எழுபத்தொன்பது. பாயோட எண்பத்தொண்ணு."

"சாப்பாட்டுப் பெட்டி?"

"இல்ல."

"கோவமா?"

"கோவத்துக்கும் கிலோ கணக்கு உண்டா அண்ணே?"

இப்படி ஒரு வேடிக்கையை விடுகிற ஆளா நான்? விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் நானும் ஏறினேன். ஊழியருக்கு இலவசம். என் எடை அன்று நூற்றுப் பதினொன்று, அதை ஊருக்குக் கேட்கும்படி யாரும் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே வெள்ளிக்கிழமை காலை. லேவாசாவைச் சபை வீட்டில் தேடினேன், காணோம். கொல்லைப்பக்கம் கல்லடுப்பில் கண்டேன். எங்கள் பழக்கம் அது. மனைவி பக்கத்தில் இருந்தால் மாப்பிள்ளைக்கும் பாயில் ஒரு ஓரம் கிடைக்கும். தனியாக வந்த மாப்பிள்ளை வேலைக்காரன். வியாழக்கிழமை அவர் இறங்கியதும் பெரியவர்கள் "சினாஃபோவா எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நாளைக்கு வருவாள் என்றார். "சரி, அதுவரைக்கும் கல்லைச் சூடாக்கு" என்று கொல்லையைக் காட்டிவிட்டார்கள். ஒரு பகல், ஓர் இரவு. முகம் வெந்து, புருவம் கருகி, பட்டுச் சட்டையில் கரி அப்பி, அவர் இடுக்கியால் சுடுகல் புரட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஒன்றுவிட்ட மச்சான்மார் அவர் கொண்டுவந்த பன்றியின் கடைசி எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா" என்றார், அவளைப் பார்த்து. என் வாழ்நாளில் அவர் குரலில் அவ்வளவு பாசத்தை நான் கேட்டதில்லை.

குளிப்பாட்டி எண்ணெய் பூசி அவரைச் சபையில் உட்காரவைத்தார்கள். தூணுக்கு ஒரு பெரியவராகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லேவாசா ஒரு தூணில் சாய்ந்தார். தூண் முனகியது, கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. சினாஃபோவா நடுவில் பாயை விரித்தாள். மூத்தவர் ஒருவர், தொண்ணூறு இருக்கும், பல் கிடையாது, கேட்டார். "மகளே, யாருக்குன்னு உன் வாயால சொல்லு."

லேவாசா கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம்.

"தாத்தா, ஒண்ணு கேக்கணும். நேத்து இவரு கொண்டுவந்த பெட்டி எங்க?" என்றாள் சினாஃபோவா.

மூத்தவர் அக்கம்பக்கம் பார்த்தார். "பெட்டியா? சாப்பிட்டுட்டோமே."

"விமானத்துல எனக்கும் பெட்டிக்கும் சேத்து இடமில்ல. இவரு பெட்டிய ஏத்திக்கிட்டு என்னை இறக்கிட்டாரு. பெட்டி இருந்திருந்தா அதையே எழுந்து சொல்லச் சொல்லியிருப்பேன், இவருக்குப் பட்டம் குடுங்கன்னு." பாயின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். "அதான் இல்லையே. அப்ப நானே வச்சுக்கறேன்."

பல்லில்லாத மூத்தவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு தூண் தூணாகச் சுற்றி என்னிடம் வந்தபோது நான் தயாராக இருந்தேன். லேவாசா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. வலது கண்ணின் ஓரத்தில் எண்ணெயா வேறேதாவதா தெரியவில்லை, ஏதோ ஒன்று இறங்கியது. துடைக்கக் கை எடுத்தார். கையில் இன்னும் கரி இருந்தது. முகத்தில் அழகாக ஒரு கோடு விழுந்தது.

பட்டம் கட்டி முடிந்தது. விருந்துக்கு அவரை மறுபடி கொல்லைக்கு அனுப்பினார்கள். தலைவியின் கணவர் அடுப்பைப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது பாங்கோ பாங்கோ கவுண்டரில் மறுபடி தராசு. புதுத் தலைவிக்குக் கிராமம் கொடுத்த ஆறு பெட்டி உறைந்த கோழி, பெட்டி பதினைந்து கிலோ. அதை விட்டுவிட்டுப் போனால் கொடுத்தவர்களுக்கு அவமானம். கவுண்டரில் இருந்த பெண் கூட்டிப் பார்த்தாள். "தொண்ணூறு கிலோ அதிகம்மா. எதையாவது விடணும்."

லேவாசா தராசுக்கு இந்தப்புறம் நின்று பெட்டிகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

சினாஃபோவா யோசித்தாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். "இவருக்கு இங்க அடுப்பு வேலை பாக்கி இருக்கு" என்றாள் அந்தப் பெண்ணிடம். "அடுத்த வாரம் ஏத்தி விடுங்க. இல்ல, அதுக்கடுத்த வாரம்."

"சினா" என்றார் அவர்.

"தலைவின்னு கூப்பிடுங்க" என்றாள் அவள், கோபமில்லாமல்.

பெட்டிகள் ஏறின. விமானம் ஓடுபாதையில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

தொண்ணூறு கிலோதான் அதிகம். என்னை இறக்கிவிட்டிருந்தாலும் போதும், இருபத்தொன்று மிச்சமாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்த்தேன், கடைசி ஓட்டைக்கு வந்தது, மாட்டிக்கொண்டேன்.