முப்பதாவது குழாய்

நோயில்லாதவர்கள் முப்பது பேர் வேண்டும் என்று மேலதிகாரி சொன்னதும், ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்கு வீட்டுக்குப் போய் உறவினர்களைப் பிடித்து வந்தோம். அதுதான் எங்கள் வழக்கம். நோயாளியின் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம்தான் கிடைக்காது. கடைசி ஆளாக நான் என் அக்காவை இழுத்து வந்தேன். அவள் கையில் ஊசி குத்தியதும், குழாயில் முப்பது என்று எண் ஒட்டியதும் நான்தான்.

வேலை கஷ்டமில்லை, அலுப்புதான் ஆளைத் தின்னும். ரத்தத்தைச் சுழலவிட்டு, தெளிந்த நீரை எடுத்து, மறுபடியும் சுழலவிட வேண்டும். புற்றுக்கட்டி உடம்பில் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் பொடிப்பொடியாகத் துகள்களை ரத்தத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அவற்றைப் பிடித்து எண்ணினால் திருடன் அகப்பட்டான்.

முப்பதாவது குழாயில் துகள்கள் மண்டிக் கிடந்தன. நோயாளியின் குழாயிலிருந்து ஒரு சொட்டு தெறித்திருக்கும் என்றார் மேலதிகாரி. நோயில்லாதவர் பட்டியலில் இருப்பவருக்கு நோய் எப்படி வரும் என்று என்னையே கேட்டார். அந்த எண்ணைக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொன்னார். என் கைதான் சரியில்லை என்று நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. கழித்துவிட்டேன்.

நேற்று உறைபெட்டியைத் துடைக்கும்போது அக்காவின் மிச்ச ரத்தம் கண்ணில் பட்டது. மனசு கேட்கவில்லை. புதுக் குழாய், புதுக் கையுறை, பக்கத்தில் வேறு யார் ரத்தமும் இல்லை. மறுபடி ஓட்டினேன். அதே எண்ணிக்கை வந்தது. பரிசோதனை இன்னும் நிரூபணமாகவில்லை, யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்று மேலதிகாரி விதியை எடுத்து நீட்டினார். விதியை எழுதியவருக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.

இன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். தப்பாகவும் இருக்கலாம், ஆனாலும் நாளைக்கே ஸ்கேன் எடுத்துவிடுவோம், நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் அழவில்லை. மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள்.

"இது உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். முழுப் பொய்யும் ஆகாது. ஆனால் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் இருந்தேன்.

"நாலு மாசம் ஆச்சுக்கா."

சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வலி ஆரம்பிச்சே ரெண்டு மாசம்தான்டி ஆகுது."